பாட்டுக் கேட்கும் பெட்டி

விண்வெளி நிலையத்தில் க்ளெப் ஒற்றை ஆள். காற்றைச் சுத்தம் செய்யும் பெட்டியின் பராமரிப்புக் குறிப்பைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

“விருந்தாளியை வரவேற்கிற மாதிரி தினமும் ரொட்டியும் உப்பும் நீட்டி, ஒரு பாட்டும் பாடணுமா? இது மிஷினா, புது மாப்பிள்ளையா அக்கா?”

“பாடலேன்னா நின்னுடும். அப்புறம் மூச்சுக்கு எங்கே போவே?” என்றாள் பூமிக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வானொலியில் தைசியா. குறிப்பை எழுதியவளே அவள்தான்.

மூன்று மாதம் கழுதைக் குரலில் பாடினான். ஒருநாள் பொறுக்காமல் மூடியைக் கழற்றினான். உள்ளே காலி! காற்று மட்டும் சுவரிலிருந்த வேறு குழாய் வழியே வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. முன்பு இங்கே தனியாக இருந்துபோன லுக்யான் மூடியின் உட்புறம் ஒரு சீட்டு எழுதி ஒட்டி வைத்திருந்தான்.

“தனிமையில நமக்குப் பைத்தியம் பிடிக்கக் கூடாதுன்னு அக்கா செஞ்ச ஏற்பாடு. தெரிஞ்சதா காட்டிக்காதே. புருஷன் போனப்புறம் அவங்க சிரிக்கிறது நம்ம பாட்டைக் கேட்டுத்தான்.”

க்ளெப் மூடியைப் பொருத்தினான்.

“அக்கா, பெட்டி இன்னிக்கு ரொம்ப முனகுது. ரெண்டு பாட்டாப் பாடட்டுமா?”