நூல் காட்டிய வழி

விமான கேப்டன் மெர்லினின் மேஜையில் ஒரு ஸ்கேலும் ஒரு துண்டு நூலும் கிடந்தன. சென்னையிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குக் குறைந்த தூரத்தைக் காட்டுவது தன்னோடு இருக்கும், தோற்றது குப்பைக்கூடைக்குப் போகும் என்றார் கேப்டன்.

ஸ்கேல் சுவர் மேப்பில் நீட்டிப் படுத்தது. "நேரா போனாத்தான் கிட்ட. வளைஞ்சு நெளியிற பயலுக்கு என்னடா தெரியும்?"

நூல் உலக உருண்டைமேல் ஏறி, இரண்டு ஊரையும் பிடித்து இறுக்கி நின்றது. வழி வடதுருவத்துப் பக்கமாகப் போனது. "அண்ணே, பூமி என்ன சுவரா? இங்க வந்து படுங்க."

ஸ்கேலால் படுக்க முடியவில்லை. ஸ்கேல் மேப்பில் காட்டிய வழியில், உருண்டைமேல் கேப்டன் அதே நூலை வைத்துப் பார்த்தார். ஊர் போய்ச் சேர நூல் பத்தவில்லை.

விமானம் நூல் வழியில் பறந்து இரண்டு மணி நேரத்தை மிச்சம் பிடித்தது. நூல் இப்போது கேப்டன் சட்டைப்பையில் உலகம் சுற்றுகிறது. ஸ்கேல் கூடைக்குள்ளும் நேராகத்தான் நிற்கிறது.