மீனுக்கான குழாய்

ஸ்டெல்லா வீட்டுச் சமையலறையில் இரண்டு குழாய்கள். மனிதர்களுக்கான குழாயைத் திறந்தால் குளோரின் நெடி மூக்கைத் துளைக்கும். மற்றது மீன் தொட்டிக்கானது. நீரைத் தானே சோதிக்கும் அந்தத் தொட்டி கேட்டால் மட்டுமே திறக்கும். வாரத்துக்கு ஐந்து லிட்டர், பளிங்குபோல் வரும்.

அந்த ஐந்து லிட்டரில்தான் அவள் மூன்று மாதக் குழந்தைக்குப் பால் கரைத்தாள். குளோரின் தண்ணீரில் கரைத்தால் பாப்பாவுக்கு வயிற்றால் போனது. மீனுக்கோ, மனிதர்களின் தண்ணீரை வாளியில் இரண்டு நாள் திறந்து வைத்து, நெடி போனபின் ஊற்றுவாள்.

இன்று காலையே நல்ல தண்ணீர் தீர்ந்துவிட்டது. அடுத்த முறைக்கு இன்னும் மூன்று நாள். பாப்பா பசியில் வீறிட்டதில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனிதர்களின் குழாயில் புதிதாகப் பிடித்த, நெடி போகாத வாளியைத் தவறுதலாகத் தொட்டியில் கவிழ்த்துவிட்டாள்.

தங்கமீன் மேலே வந்து வாயைப் பிளந்தது.

"இந்த நீர் உயிர் வாழத் தகுதியற்றது," என்றது தொட்டி. "அவசர நீர் வழங்கப்படுகிறது."

குழாய் தானாகத் திறந்தது. ஸ்டெல்லா ஓடிப்போய்க் குடத்தை வைத்தாள். பாதி மீனுக்கு, பாதி பாலுக்கு.

சத்தம் கேட்டுக் கணவன் சகாயம் ஓடி வந்தான். "மீன் போயிருச்சா?"

"இல்லீங்க. அது போனா குழாயும் போயிரும்."

பாப்பா குடித்துத் தூங்கியது. பாதிக் குடம் மூன்று நாளுக்குப் போதாது; ஸ்டெல்லாவால் உட்கார முடியவில்லை. மனிதர்களின் குழாயில் ஒரு சொம்பு பிடித்துக்கொண்டு தொட்டியருகே வந்து கணவனைப் பார்த்தாள்.

"மீன் சாகவும் கூடாது, வாயையும் பிளக்கணும். ஒரு சொம்பு போதுமாங்க, ரெண்டு ஊத்தணுமா?"