வீடியோவில் ஏறிய மீன்கொத்தி

ஒரு கம்ப்யூட்டருக்குள் வரைந்து வைத்த மீன்கொத்தி ஒன்று இருந்தது. மீன் கடை நடத்தும் லூர்தம்மாளின் இணையதளத்தில் தண்ணீருக்குள் பாய்ந்து மீனோடு எழும்புவதுதான் அதன் வேலை. அங்கே போய்ச் சேர ஏதாவது ஒரு கோப்பில் ஏறியாக வேண்டும்.

"எங்கிட்ட வா. உன் இறகுல ஒரு நிறம்கூடக் குறையாது" என்றது கனத்த வீடியோ.

"எங்கிட்ட நிறம் கம்மிதான். ஆனா சட்டுனு போயிரலாம்" என்றது ஜிஃப் என்ற சின்ன அசைபடக் கோப்பு.

மீன்கொத்தி தன் நீல இறகை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டது. "இந்த அழகை வச்சுக்கிட்டு உன்னோட வரவா?" என்று ஜிஃப்பிடம் கேட்டுவிட்டு வீடியோவில் ஏறியது.

லூர்தம்மாள் சந்தை இரைச்சலுக்கு நடுவே போனைத் திறந்தாள். சிக்னல் அரைகுறை. வீடியோவுக்கு மூச்சு வாங்கியது. திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. படம் வரைந்தவரை உடனே கூப்பிட்டாள். "பறவை வரும்னீங்க, வெறும் வட்டம்தான் சுத்துது. பேசாம கடை போட்டோவையே போட்டுருங்க!"

மீன்கொத்திக்கு உயிரே போய்விட்டது. அவசரமாகத் திரும்பி வந்து, முகத்தைத் தொங்கப்போட்டபடி ஜிஃப்பில் ஏறியது. ஏறும்போதே நீலத்தில் பாதி உதிர்ந்தது. இறகு ஓரமெல்லாம் ரம்பமாயிற்று.

இந்த முறை போனைத் திறந்ததுமே ஒரே பாய்ச்சல். "அடியே, இங்க வா! என்னமா முங்குது பாரு!" என்று பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டாள் லூர்தம்மாள். இரண்டு தலைகளும் திரைமேல் கவிழ்ந்தன.

"என் நீலம் போனதை ஒருத்தரும் கேக்கலையே?" என்று மீன்கொத்தி மனத்தாங்கலோடு முணுமுணுத்தது.

"அவங்க உன்னையா பாக்குறாங்க?" என்றது ஜிஃப். "உன் வாயில இருக்கற மீன் சாளையா, அயிலையான்னு சண்டை நடக்குது."