கத்தரி தராத பள்ளி

கன்னையன் ஓவர்லாக் தையல் மெஷினை விரட்டுகிறான். வாசலில் தூத்துக்குடிக்குச் சரக்கு ஏற்றிப்போகும் லாரி ஹாரன் அடிக்கிறது. அது கிளம்புவதற்குள் நாற்பது பீஸ் தைத்துக் கொடுத்துவிட்டால் இந்த பனியன் கம்பெனியில் அவனுக்கு வேலை. இல்லாவிட்டால் வந்த பஸ்ஸிலேயே திரும்ப வேண்டியதுதான். தகரக் கூரை இடுக்கில் இறங்கும் வெயிலில் பஞ்சுத் தூசி பறக்கிறது. பீஸுக்குப் பீஸ் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறான். கையருகே கிடக்கும் கத்தரியைத் தொடவே இல்லை. "ஏனுங்க, கத்தரி கடிச்சுப் போடுமுங்களா?" என்கிறாள் தைத்த பீஸைச் செக்கிங் பார்க்கும் மயிலாள். "நான் தொழில் படிச்ச பள்ளியில கத்தரி தர மாட்டாங்க." "அதென்னங்க அப்படியொரு பள்ளி?" மெஷின் ஒரு கணம் நிற்கிறது. "சீர்திருத்தப் பள்ளிங்க." மயிலாள் தன் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொள்கிறாள். "செயிலுன்னு சொல்லுங்க." அவன் பெடலை மிதிக்கிறான். மறுபடி ஹாரன். ஆள் எடுக்கவும் அனுப்பவும் அதிகாரம் உள்ள மாஸ்டர் கியாசுதீன் அவன் பின்னால் வந்து நிற்கிறார். கடைசி பீஸின் தையலை விரலால் நீவிப் பார்க்கிறார். "அங்க செயிலுன்னு வாயில வந்தா ராத்திரிச் சோறு கிடையாது, அம்மணி. உள்ள போட்டுப் பூட்டினாலும் வகுப்புன்னுதான் சொல்லோணும்." "அது உங்களுக்கு எப்படிங்க மாஸ்டர் தெரியும்?" மாஸ்டர் பீஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார். "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துரு, கண்ணு" என்று கன்னையனிடம் சொல்கிறார். பீஸில் நூல் தொங்குகிறது. மயிலாள் கத்தரியை நீட்டுகிறாள். அதை ஒதுக்கிவிட்டு, மாஸ்டர் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறார்.