நகராத லோரி

"கான்ட்ராக்ட எடுத்துக்கிட்டு உடனே ஆபிசுக்கு வாங்க தனேஷ்."

லோரி கம்பெனி முதலாளி லெட்சுமி அக்கா போனில் அவ்வளவுதான் சொன்னார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் போய்ச் சேரும்வரை கான்ட்ராக்ட் எதற்கு என்றே தனேஷ் யோசித்துக்கொண்டிருந்தான்.

அக்காவின் லோரிகள் எங்கெங்கே ஓடுகின்றன என்று வரைபடத்தில் காட்டும் ஆப், அவன் தனியாளாக எழுதிக் கொடுத்தது. முதன்முதலில் அதைத் திறந்த அன்று, கிள்ளானுக்குத் தெற்கே ஜெஞ்சாரோமில் நகராமல் நின்ற ஒரு லோரியைப் பார்த்து அக்கா முழித்தார்.

லோரி இல்லை, தன் அம்மா வீடு என்றான். எந்த வேலையையும் வரைபடத்தில் அங்கே ஒரு பொய் லோரியை நிறுத்திச் சோதித்துவிட்டுத்தான் தொடங்குவான். அவனுக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

அக்கா சிரித்துவிட்டார். அழிக்க வேண்டாம், இருக்கட்டும் என்றார்.

அப்படிப்பட்ட மனுஷிக்குத்தான் துரோகம் செய்திருந்தான். இன்னொரு லோரி கம்பெனிக்கு இதே வேலையைச் செய்யக்கூடாது என்பது ஒப்பந்தம். காப்பாரில் லோரி கம்பெனி வைத்திருக்கும் சுகுமாறனுக்குச் செய்து கொடுத்தாயிற்று. யாருக்குத் தெரியப்போகிறது என்ற அசட்டுத் தைரியம்.

தெரிந்தால் வழக்கு. அக்காவை விட்டால் நிலையான வாடிக்கையாளர் வேறு யாரும் இல்லை. குடும்பமே தெருவுக்கு வந்துவிடும்.

கதவைத் திறந்தான். அக்காவுக்கு எதிரே சுகுமாறன் உட்கார்ந்திருந்தார்.

தொலைந்தோம் என்று நினைத்தான்.

"இவரு சுகுமாறன். ரெண்டு கம்பெனியும் ஒண்ணாகப் போவுது. இவங்க ஆளுங்களே ஒரு ஆப் செஞ்சிருக்காங்களாம். நம்மளோடது மாதிரியே இருக்கு லா. பாத்து சொல்லுங்க."

"ஹலோ பாஸ், இப்பதான் முதல் தடவ பாக்குறோம்" என்று சுகுமாறன் கையை நீட்டினார்.

அட, இவரும் புளுகியிருக்கிறார். இனி வாயைத் திறக்க மாட்டார். தனேஷுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அக்கா திரையைத் திருப்பினார். நிறம் வேறு, பெயர் வேறு, பொத்தான்கள்கூட வேறு. எல்லாவற்றையும் மாற்றித்தானே கொடுத்திருந்தான்.

"வேற மாதிரிதான் இருக்குக்கா" என்றான்.

அக்கா தலையாட்டிக்கொண்டே வரைபடத்தை விரலால் நகர்த்தினார். காப்பார் போனது. துறைமுகம் போனது. அதற்கும் தெற்கே போய் விரல் நின்றது.

அங்கே ஒரு லோரி நின்றுகொண்டிருந்தது.

அக்கா நிமிர்ந்து அவனைப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

"அம்மா சொகமா இருக்காங்களா, தனேஷ்?"