நாலு கிலோ போதும்

"இவளுக்கு நாலு கிலோ குண்டே அதிகம் பாய்," என்றான் பரணிதரன்.

திருத்தணி பஜாரில் இலியாஸின் விளையாட்டுச் சாமான் கடை. கைப்பிடி வைத்த இரும்புக் குண்டுகளான கெட்டில்பெல்கள் தரையில் வரிசையாக இருந்தன. பரணிதரனின் மனைவி சுசித்ரா பன்னிரண்டு கிலோ குண்டின் மேல் கை வைத்திருந்தாள்.

"ரயில்வே டெஸ்டுக்கு மூணு வாரந்தான் கீது, பாவா." அவளுக்கு அவன் அத்தை மகன், கல்யாணத்துக்குப் பிறகும் பாவாதான். "இருபது கிலோவைத் தூக்கிகினு ரெண்டு நிமிஷத்துல நூறு மீட்டர் போணும். நடுவுல கீழ வச்சா வேலை போச்சு."

"ஆங், கிழிச்ச. மிக்சி சுவிட்சு போடுறதுதான உன் அனுபவம்?"

"அக்கா வூட்டுல என்னா தூக்குறாங்கன்னு பார்த்துதாண்ணா வெயிட்டு எடுக்கணும்," என்று இழுத்தான் இலியாஸ்.

"தண்ணி கேன். தினம் ரெண்டு மாடி," என்றாள்.

"அதெல்லாம் எக்சர்சைஸ்ல சேராது. எனக்கு அந்த இருபத்திநாலு குடு பாய். ரெண்டு மாசமா ஜிம்முக்குப் போயிகினு கீறேன்."

போனது உண்மைதான். அதில் பாதி நேரம் கண்ணாடி முன்னால் கழிந்தது.

"இடுப்பு பத்திரம்ணா. மொதல்ல பன்னெண்டுல..."

"யாருக்குச் சொல்ற நீ?"

காலை அகட்டி ஒரே வீச்சாக வீசினான். குண்டு முழங்கால் வரை வந்தது. இடுப்பில் சுருக்கென்றது. வலிக்கவே இல்லை என்பது போல இறக்கி வைத்தான். வாய்விட்டுச் சொன்ன பிறகு வாங்காமல் போனால் மானம் என்னாவது? தனக்கு இருபத்திநாலு, அவளுக்கு நாலு, இரண்டையும் வாங்கினான்.

பஜாரில் கூட்டம் என்று வண்டியை பஸ் ஸ்டாண்டு முனையில் விட்டிருந்தார்கள். நூறு மீட்டருக்குக் குறையாது.

"சுசி, நீ பெரிசை எடுத்துக்க. நான் சாவி தேடணும்," என்று நாலு கிலோவை எடுத்துக்கொண்டான் பரணிதரன்.

சுசித்ரா ஒருமுறை கைபேசியைப் பார்த்தாள். குண்டைத் தூக்கினாள். பூக்கடை, வெங்காய வண்டி, மலைக்குப் போகும் கூட்டம், எங்கும் கீழே வைக்கவில்லை.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவன் வந்து சேர்ந்தபோது, குண்டு வண்டிமேல் இருந்தது. அவள் மறுபடி கைபேசியைப் பார்த்தாள்.

"ஒண்ணே முக்கா நிமிஷம், பாவா. இது எனக்கு சரியா கீது. நாலு கிலோ உங்க கையிலயே இருக்கட்டும்."