வாத்தியார் வீட்டு இஞ்சிச் சாறு

மூன்றாவது தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கண்ணுச்சாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நெஞ்சைக் கரிக்குது. வாத்தியார் வீட்டுல போயி ஒரு மடக்கு இஞ்சிச் சாறு குடிச்சிட்டு வந்துர்றேன்."

வீரலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாதமாகப் புருஷன் இதே பாட்டைத்தான் பாடுகிறார்.

அவள் கைப்பக்குவம் தாயில்பட்டி வரைக்கும் பேர்போனது. ஊரில் எந்த வீட்டு விசேஷமானாலும் குழம்பு கூட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவள் ஆக்கிய சோறு கட்டின புருஷனுக்கே செரிக்கவில்லை என்றால் ஊர் சும்மா இருக்குமா?

கிணற்றடியில் பக்கத்து வீட்டு ராமுத்தாய் ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன மதினி, அண்ணன் நேத்தும் கிழக்குத் தெருவுக்குப் போனாகளாம்ல? அப்படி என்னத்தப் போட்டு ஆக்குறீக?"

"அவுக வயித்துக்கு நான் என்ன செய்ய?"

"இல்ல, கேட்டேன். எங்க வீட்டுக் காதுகுத்து வருதுல்ல. இந்தத் தடவை சமையலுக்கு காளிராஜ் பொண்டாட்டியச் சொல்லுவமான்னு வீட்டுல யோசிக்காக."

வீரலட்சுமி குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

கிழக்குத் தெருவில் வீரலட்சுமியின் தெருக்காரர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். செல்வமணி வாத்தியாரும் அவர் மனைவி கனகமணி நர்ஸும் அந்தத் தெருவில்தான் இருந்தார்கள். ஆனால் மருந்து என்று வாங்கிக் குடித்தால் மட்டும் யாரும் குற்றம் சொல்வதில்லை. அதனால் கண்ணுச்சாமி தப்பித்துக்கொண்டார். பழியெல்லாம் வீரலட்சுமியின் அடுப்பின் மேல் விழுந்தது.

அவளும் லேசில் விடுகிறவள் இல்லை. விருதுநகர் பஜாரிலிருந்து ஒரு வீசை இஞ்சி வரவழைத்தாள். தோலைச் சீவித் தட்டிப் பிழிந்து, சாற்றைத் தெளிய வைத்து, அடியில் தங்கிய வண்டலை ஒதுக்கி, மேலாக இறுத்துத் தேன் விட்டு வெறும் வயிற்றில் குடிக்கக் கொடுத்தாள். மத்தியானம் இஞ்சித் துவையல். ராத்திரி ரசத்திலும் இஞ்சி.

கண்ணுச்சாமி முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு எல்லாவற்றையும் விழுங்கி வைத்தார். பசி ஒன்றுக்கு இரண்டாகக் கூடியதுதான் மிச்சம்.

"இப்ப எப்படி இருக்கு?"

"தேவலதான். இருந்தாலும் நர்ஸம்மா மருந்து மாதிரி கேக்கல."

சொல்லிவிட்டு அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியதும், வீரலட்சுமியும் பின்னாலேயே நடந்தாள். அந்த நர்ஸம்மா இஞ்சியில் அப்படி என்னத்தைத்தான் கலக்குகிறாள் என்று பார்த்துவிட வேண்டியதுதான்.

வாத்தியார் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே கண்ணுச்சாமியும் வாத்தியாரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் கையிலும் டம்ளர். வாசல் வரைக்கும் பால் காப்பி மணத்தது. நெஞ்சைக் கரிக்கிறவருக்குப் பக்கத்தில் ஒரு தட்டு முறுக்கு வேறு.

"இதுதான் இஞ்சிச் சாறாக்கும்?"

கண்ணுச்சாமிக்குப் புரையேறியது. நர்ஸ் அடுப்படியிலிருந்து வந்தாள்.

"உள்ள வாங்க. நீங்க கோவப்படுறது நியாயந்தான். இதெல்லாம் வேண்டாம்னு நாங்களும் சொல்லித்தான் பாத்தோம்."

வீரலட்சுமி புருஷனையே பார்த்தாள்.

"ஊரே என் சமையலப் பாத்துச் சிரிக்குது. நீங்க இங்கன உக்காந்து முறுக்கு திங்கிறீக."

கண்ணுச்சாமி டம்ளரைக் கீழே வைத்தார்.

"பொங்கலுக்கு வாத்தியாரு நம்ம வீட்டுக்கு வந்தாருல்ல? முத்தத்துல நிக்க வச்சு, தனியா எடுத்து வச்சிருக்க தகர டம்ளர்ல நீ காப்பி குடுத்த. நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன், வாயத் தொறக்கல. நம்ம பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்கிற மனுசன், குடிச்சிட்டு அந்த டம்ளரக் கழுவிக் கவுத்து வச்சிட்டுப் போனாரு. அன்னையிலருந்து எனக்கு மனசு ஆறல. இவரு வீட்டுல உக்காந்து ஒரு வாய் காப்பியாவது குடிக்கணும்னு தோணுச்சு. காப்பின்னா பஞ்சாயத்தக் கூட்டுவாக. மருந்துன்னா விட்டுருவாகள்ல."

வாத்தியார் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீரலட்சுமிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த டம்ளரை நீட்டியது அவள் கைதான். அதை அவள் அன்றைக்கே மறந்தும் போயிருந்தாள். வெட்கமாக இருந்தது. திரும்பி வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் சாயங்காலம் தலையை வாரி முடிந்துகொண்டு தெருவில் இறங்கினாள். ராமுத்தாய் தன் வீட்டு வாசலில் நாலு பெண்களோடு உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"மதினி, ஒரு நிமிசம். அண்ணன் வயிறு இப்பத் தேவலையா? காதுகுத்துக்கு ஆளு சொல்லணும். உங்க பேச்ச வச்சுத்தான் முடிவு பண்ணணும்."

நாலு பெண்களும் பசைக் கையோடு நிமிர்ந்து பார்த்தார்கள். 'நல்லா இருக்காக' என்று ஒரு சொல் சொன்னால் போதும். காதுகுத்துச் சமையல் பழையபடி அவள் கைக்கு வந்துவிடும்.

வீரலட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"காளிராஜ் பொண்டாட்டியவே சொல்லிரு, ராமுத்தாயி. நான் ஆக்குனது இப்ப எனக்கே செரிக்க மாட்டேங்குது. இஞ்சிச் சாறு குடிக்க நர்ஸம்மா வீட்டுக்குத்தான் போயிக்கிட்டிருக்கேன்."